சாவடி ஊர்க்காரர்களுக்கு ஒரு மடல்

நூம்பல், புளியம்பேடு, வேலப்பன்சாவடிப் பக்கம் வீடு வாடகைக்கு விடும் அன்பர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நம் தெருக் கூட்டத்தில் கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். கொசு மருந்து, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் எல்லாம் பேசி முடித்து டீ வந்த நேரத்தில் ஒருவர் எழுந்து, “இனிமே வடநாட்டு ஆளுங்களுக்கு யாரும் வீடு விடக் கூடாதுன்னு ஒரு முடிவு எடுத்துடலாமே” என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். இரண்டு பேர் கை தட்டினார்கள். நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன். அடுத்த கூட்டத்தில் அதைத் தீர்மானமாக எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கப்போவதாகக் கேள்வி. அன்றைக்கு வாயைத் திறக்காத வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன். எழுதினால் நடுவில் யாரும் மறித்துப் பேச முடியாது என்ற வசதியும் இருக்கிறது.

உங்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் என்று சொல்லி வீட்டை எடுத்துவிட்டு ஒன்பது பேர் தங்குகிறார்கள். செப்டிக் டேங்க் சீக்கிரம் நிரம்புகிறது. கழிவுநீர் லாரிக்குக் காசு கொடுப்பது நாம். மாடிப்படி மூலையில் பான்பராக் எச்சில். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து பதினோரு மணிக்குச் சப்பாத்தி தேய்க்கிறார்கள், கூடவே போனில் போஜ்புரிப் பாட்டு. ஒருநாள் காலையில் பார்த்தால் கதவில் பூட்டு; இரண்டு மாத வாடகை பாக்கி. இதில் எதுவும் பொய்யில்லை. எனக்கும் நடந்திருக்கிறது.

ஆனால் அந்த ஒன்பது பேர் எப்படி உள்ளே வந்தார்கள்? கான்ட்ராக்டரோ புரோக்கரோ வந்து, “ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கங்க சார்” என்று சொன்னபோது நாம் மனக்கணக்குப் போட்டோம். குடும்பத்துக்கு விட்டால் எட்டாயிரம். தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு வைத்து ஒன்பது தலை என்றால் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு. ஒற்றைக் கக்கூஸ் இருக்கும் போர்ஷனுக்கு ஒன்பது பேரை எண்ணி ஏற்றியது பீகாரோ ஒடிசாவோ அல்ல. டேங்க் நிரம்பாமல் என்ன செய்யும்? தலைக்கணக்கில் வாடகை வாங்கிவிட்டு, தலைகள் கூடிவிட்டன என்று அழுவதில் கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

நம் ஊர்களின் பெயரைப் பாருங்கள். வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி. பூவிருந்தவல்லி சாலை நெடுகச் சாவடிகள். சாவடி என்றால் வழிப்போக்கர் மூட்டையை இறக்கி, படுத்து எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போகும் இடம். வேலப்பன் யார், குமணன் யார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் வருகிறவன் தங்குவதற்குத்தான் அந்தச் சாவடிகள் இருந்தன. இன்றைக்குச் சாவடி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது வானகரம் சுங்கச்சாவடி. அங்கே தங்க முடியாது. காசு கட்டினால் கட்டை தூக்கும், அவ்வளவுதான். நம் தீர்மானம் நிறைவேறினால் அந்தக் கட்டையும் இறங்கிவிடும்.

நான் 1986-ல் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து வேலை. கையில் பணம் இருந்தும் வீடு கிடைக்க ஒன்றரை மாதம் ஆனது. முதல் கேள்வி, பேச்சுலரா? இரண்டாவது கேள்வி, கறி மீன் உண்டா? மூன்றாவது கேள்வியை யாரும் நேராகக் கேட்கவில்லை. “சொந்த ஊர் எது, ஊர்ல எந்தத் தெரு, குலசாமி எது” என்று சுற்றி வளைத்துக் கேட்டார்கள். அதன் அர்த்தம் உங்களுக்கும் தெரியும். நம்மில் பாதிப் பேர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் இந்த ஊரில் முதல் கூரையைப் பிடித்தோம். மீதிப் பேர் பொய் சொன்னோம்.

இந்த மேற்குப் பக்கமே வந்தவர்கள் கட்டியதுதான். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் 1949-ல் தொடங்கியது. அறுபதுகளில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தபோது, அதைச் செய்த கைகளில் மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் இருந்தன. ஆவடிக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள், ஓணத்துக்கு ஒரு வீட்டில், உகாதிக்கு ஒரு வீட்டில் சாப்பிட்ட கதை சொல்வார்கள். அங்கே அரசாங்கமே வீடு கொடுத்தது. அதனால் யாரும் யாரையும் குலசாமி கேட்க வேண்டியிருக்கவில்லை. வீடு நம் கையில் இருக்கும் இடத்தில்தான் இந்தக் கேள்வி முளைக்கிறது. இது நான் வெகு தாமதமாகக் கண்டுபிடித்த விஷயம்.

“வடநாட்டான் பழக்கவழக்கம் வேற சார், நம்ம ஆளுங்கன்னா பரவாயில்லை” என்று கூட்டத்தில் ஒரு தம்பி சொன்னார். தம்பிக்கு முப்பது வயதிருக்கும். 1991 அவருக்குத் தெரியாது.

அப்போது நான் அம்பத்தூரில் நாலு போர்ஷன் உள்ள ஒரு வீட்டில் குடியிருந்தேன். கிணறு பொது, கக்கூஸ் பொது. பக்கத்து போர்ஷனில் யாழ்ப்பாணத்துக் குடும்பம். இலங்கையில் 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள். அம்மா, மகள், இரண்டு பேரப்பிள்ளைகள். மருமகன் கனடாவிலோ எங்கோ. அந்த அம்மா என்னைவிட நல்ல தமிழ் பேசுவார். நாம் “வாங்க” என்பதை அவர் “வாங்கோ” என்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கொத்தமல்லித் தண்ணீர் வைத்துத் தந்தார். மே 21-ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும், இதே நெடுஞ்சாலையில் நேரே போனால் வருவது. ஒரு வாரத்துக்குள் எங்கள் வீட்டுக்காரர் வந்து வாசலிலேயே நின்று பேசினார். கோபமாகப் பேசவில்லை. “போலீஸ் வந்து கேக்குது, எனக்கும் பொம்பளப் பிள்ளைங்க இருக்கு, தப்பா நினைச்சுக்காதீங்க” என்றார். அந்த அம்மா, “ஓம், விளங்குது” என்று மட்டும் சொன்னார். சென்னை முழுக்க அந்த மாதம் அதுதான் நடந்தது. இலங்கைத் தமிழர் என்றால் வீடு இல்லை. அவர்கள் சாமான்களை ஏற்ற நானும் கை கொடுத்தேன். அம்மி கனமாக இருந்தது. எங்கே போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நானும் அந்த விவகாரத்தில் சேர்ந்துவிடுவேனோ என்ற பயம்.

தமிழ் பேசியவர்கள்தாம். நம் கோயிலுக்கே வந்தவர்கள்தாம். பழக்கவழக்கம் வேறு என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. கதவை மூடுவது என்று முடிவெடுத்த பிறகு காரணம் தேடுவது எளிது. மொழி கிடைத்தால் மொழி, கறிச்சோறு கிடைத்தால் கறிச்சோறு, எதுவும் கிடைக்காவிட்டால் போலீஸ்.

நம் ஆட்கள் வெளியே போன இடத்திலும் இந்தக் கதவு மூடப்பட்டிருக்கிறது. என் சித்தப்பா தாராவியில் தலையில் இட்லிக் குண்டான் வைத்து விற்றவர். பம்பாயில் 1966-ல் சிவசேனை தொடங்கியபோது அதன் முதல் குறி தென்னிந்தியர்கள். வேட்டி கட்டினால் அடி, கடைப் பலகையில் தென்னாட்டு எழுத்து இருந்தால் கல். சித்தப்பா பேன்ட் போடக் கற்றுக்கொண்டது அப்போதுதான். சாகும்வரை அந்தப் பேன்ட்டுகளை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ஊர் வந்த பிறகு ஒரு தடவைகூடப் போடவில்லை.

இனி நம் பயத்துக்கு வருகிறேன். அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்கு 2012 ஞாபகம் வருகிறது. பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் வங்கிக் கொள்ளை. பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வடமாநிலத்தவர்கள் என்று செய்தி வந்தது. அதன் பிறகு, குடியிருப்பவர் விவரத்தை வீட்டுக்காரர் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. விவரம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நானும் கொடுக்கிறேன். ஆனால் அந்தப் படிவத்தை நாம் யாருக்கு நிரப்பினோம்? திருச்சிக்காரருக்குக் குடிவந்து ஆறு மாதம் கழித்தும் நிரப்பவில்லை. ஒடிசாப் பையனுக்குச் சாவி கொடுக்கும் முன்பே நிரப்பினோம்.

பயம் அந்தப் பக்கமும் இருக்கிறது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று போனில் வீடியோக்கள் பரவின. பொய் வீடியோக்கள். நம் அரசு மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. ஹோலி நெருங்கிய நேரம். ஊருக்குப் போகிறவன் பண்டிகைக்குப் போகிறானா, பயந்து போகிறானா என்று சொல்ல முடியவில்லை. என் மாடியில் இருந்த சென்ட்ரிங் பையன் ஒருவன் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு இருந்தான். அவன் அம்மா தர்பங்காவிலிருந்து மணிக்கொரு தரம் போன் போட்டாள். கடைசியில் அவன் என்னிடம் போனைக் கொடுத்து, “அப்பா, நீங்க சொல்லுங்க” என்றான். எனக்கு இந்தி தெரியாது. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நான் “நல்லா இருக்கான், நல்லா இருக்கான், டீக் ஹை” என்று நாலு தடவை சொன்னேன். அவள் அழுதாள், பிறகு சிரித்தாள். அந்த ஆண்டில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

நான் நல்லவன் என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேனோ என்று சந்தேகப்படுவீர்கள். சரி, மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

2020 மார்ச் 29-ந் தேதி, ஊரடங்கு தொடங்கிய ஐந்தாம் நாள், தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று மத்திய உள்துறை உத்தரவு போட்டது. நான் வாங்கவில்லை என்று சொல்ல ஆசை. பாதி வாங்கினேன். மீதியை “பிறகு பார்த்துக்கலாம்” என்று பெரிய மனதோடு சொன்னேன். அவர்கள் சிறப்பு ரயில் பிடித்துப் போகும்போது அட்வான்ஸில் கழித்துக்கொண்டேன்.

கரன்ட் கணக்கு இதைவிடக் கேவலம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறது என்பது நமக்கெல்லாம் தெரியும். குடியிருப்பவனுக்குத் தெரியாது. அவன் போர்ஷனுக்குச் சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று வாங்கிய வீட்டுக்காரர்களில் நானும் ஒருவன். என் மகள் கல்லூரி படிக்கும்போது, “அரசாங்கம் சும்மா குடுக்கறத நீ ஒம்போது ரூபாய்க்கு விக்கிறியாப்பா?” என்று கேட்டாள். “தண்ணி மோட்டார் செலவு யார் தருவா?” என்று சமாளித்தேன். மோட்டார் செலவை அவர்களிடம் தனியாக வாங்கிக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. இப்போது படிக்கும்போது தெரியும்.

நம் பக்கத்துச் சாமி கதை ஒன்றும் இந்த மனசுக்குள் உறுத்துகிறது. பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி, காஞ்சி வரதராஜருக்கு ஆலவட்டம் வீசியவர். பிராமணர் அல்லர். இராமாநுசர் அவரைக் குருவாக மதித்து, அவர் உண்ட மிச்சத்தை உண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டு வீட்டுக்கு அழைத்தார். நம்பி முன்னாலேயே வந்து சாப்பிட்டுப் போய்விட்டார். இராமாநுசர் திரும்பி வந்து பார்த்தால், மனைவி தஞ்சமாம்பாள் இலையை எறிந்து, இடத்தை மெழுகி, குளித்து, புதிதாக உலை வைத்திருக்கிறாள். குருபரம்பரைக் கதைகள் அந்த அம்மாளைக் குற்றவாளியாக்கிவிட்டன. எனக்கு அவள் மேல் கோபம் வருவதில்லை. அவள் சோறு போடாமல் அனுப்பவில்லை. நன்றாகத்தான் பரிமாறியிருப்பாள். வந்தவர் போன பிறகு இடத்தை மெழுகினாள், அதுதான் விஷயம். நாமும் வாடகை வாங்கிக்கொள்கிறோம்; குடியிருந்தவர்கள் காலி செய்த மறுநாள் பினாயில் ஊற்றி, சுண்ணாம்பு அடித்து, ஹோமம் வைத்துவிட்டு, “இனிமே ஃபேமிலிக்குத்தான்” என்கிறோம். இந்தப் பக்கம் திருவேற்காட்டிலோ மூர்க்க நாயனார் இருந்தார். அடியாருக்குச் சோறு போடக் கைப்பொருள் தீர்ந்ததும் சூதாடிச் சம்பாதித்துப் போட்டார், தான் மட்டும் கடைப்பந்தியில் உட்கார்ந்தார். அவர் வழியை நான் சிபாரிசு செய்யவில்லை. சூதில் ஏமாற்றியவர்களைக் கத்தியால் குத்தியவர் அவர். கருமாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் அவரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

போன ஆடியில் நம் தெருவில் கூழ் ஊற்றினோம். கட்டட வேலைப் பையன்கள் நாலு பேர் ஓரமாக நின்றார்கள். கூப்பிட்டதும் வந்தார்கள். ஒருவன் கூழை ஒரு வாய் குடித்துவிட்டு, வெங்காயமும் பச்சை மிளகாயும் கேட்டான். அவன் ஊரில் சத்து மாவைக் கரைத்து அப்படித்தான் குடிப்பார்களாம். கூழ் ஊற்றிய அக்கா சிரித்துக்கொண்டே சின்ன வெங்காயம் எடுத்து வந்தார். கூழுக்கு வெங்காயம் கடிப்பது நமக்கும் வழக்கம்தானே. இதை வைத்து நாமெல்லாம் ஒன்று என்று பாட நான் வரவில்லை. வெங்காயம் கேட்கும் அளவுக்கு அவனுக்குத் தைரியம் வந்தது எனக்குப் பிடித்திருந்தது. நம்மிடம் எதையும் கேட்காமலே காலி செய்துகொண்டு போனவர்கள் எத்தனை பேர்.

இங்கே வருகிறவர்களை நாம் தங்க விடுகிறோம், வாழ விடுவதில்லை. பதினோரு மாதம், அதற்குமேல் பேச்சு இல்லை. ஒப்பந்தக் காகிதம் இல்லை, ரசீது இல்லை. அந்தக் காகிதம் இல்லாமல் கேஸ் இணைப்பு வாங்க அவர்கள் படும் பாடு தனி. ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டம் 2020 அக்டோபரில் நம் மாநிலத்துக்கு வந்த பிறகும், சொந்த ஊர் ரேஷன் கார்டை இங்கேயும் காட்டி அரிசி வாங்கலாம் என்று எந்த வீட்டுக்காரரும் ஒரு வார்த்தை சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. அடுத்த மாதம் இருப்போமா என்று தெரியாதவன் மாடிப்படியைத் துடைப்பானா? முருங்கைக் கொம்பு நடுவானா? நான் இந்த மனையை வாங்கியது 98-ல். வாடகை வீட்டில் இருந்த பன்னிரண்டு வருஷமும் எந்தச் சுவரிலும் நானாக ஒரு ஆணி அடித்ததில்லை. அது நாகரிகத்தால் அல்ல, பயத்தால். ஆணி அடிக்கப் பயந்தவனும் எச்சில் துப்புகிறவனும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்: இந்தச் சுவர் அவனுடையது இல்லை.

அதனால் தீர்மானத்துக்குப் பதில் வேறு ஒன்றை எழுதிக் கையெழுத்து வாங்கலாம் என்று நினைக்கிறேன். நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் நம் மாநில வாடகைச் சட்டத்திலேயே எல்லாம் இருக்கிறது. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. சண்டை வந்தால் தண்ணீரையும் கரன்டையும் நிறுத்தக் கூடாது. ஒப்பந்தத்தில் எத்தனை பேர் என்று எழுதிவிட்டால், பத்தாவது ஆள் வரும்போது கேட்க நமக்கும் உரிமை வரும். தலைக்கணக்கு வாடகையை மட்டும் நாமே விட்டுவிட வேண்டும். அதைச் சொல்லும்போதுதான் கூட்டம் கலையும் என்று எனக்குத் தெரியும்.

எச்சில் துப்பக் கூடாது என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி மாடிப்படியில் ஒட்டலாம். இந்தியில் எழுதினால் இந்தித் திணிப்பு ஆகிவிடுமோ என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் 65-ல் மொழிப்போரில் கல்லூரி வாசலில் நின்றவர். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. டெல்லி சட்டம் போட்டு நம் பிள்ளை மேல் ஏற்றும் இந்தி வேறு, மாடிப்படியில் துப்பாதே என்று தர்பங்காக்காரனுக்குப் புரிய எழுதும் இந்தி வேறு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஒடியாவிலயும் எழுது அப்ப” என்றார். எழுதத் தெரிந்தவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

போரூரிலிருந்து பூவிருந்தவல்லி வரை மெட்ரோ தூண்கள் எழுந்து நிற்கின்றன. மெட்ரோவால் நம் மனை விலை ஏறும், வாடகை ஏறும் என்று போன கூட்டத்திலேயே சந்தோஷமாகப் பேசிக்கொண்டோம். அந்தத் தூணுக்குக் கம்பி கட்டியவன் எந்த வீட்டு மொட்டைமாடி ஷீட் அறையில் படுத்துத் தூங்கினான் என்று நமக்குத் தெரியும்.

என் மாடி போர்ஷன் வருகிற 1-ந் தேதி காலியாகிறது. ஒடிசாவிலிருந்து ஒரு குடும்பம் கேட்டு வந்திருக்கிறது. கணவன் பிளம்பர், மனைவி ஒரு கல்லூரி விடுதியில் சமையல் உதவி. இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் நாலாம் வகுப்பு, அரசுப் பள்ளி. எங்களுக்குள் பேச்சுவார்த்தை முழுவதும் அவள்தான் நடத்தினாள். அப்பா ஒடியாவில் சொல்ல, அவள் எனக்குத் தமிழில் சொல்வாள். மூன்று மாத முன்பணம் என்றேன். அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, “பழைய வீட்டுல பத்து மாசம் வாங்குனாங்க தாத்தா, நீங்க ஏன் கம்மியா கேக்கறீங்க?” என்றாள். சந்தேகமாகத்தான் கேட்டாள். கரன்ட் யூனிட் எவ்வளவு என்றும் கேட்டாள். ஈபி பில் வரும்போது காட்டுகிறேன், அதில் உங்கள் பங்கு எவ்வளவோ அவ்வளவுதான் என்றேன். பள்ளிக்கூடம் எத்தனை வருஷம் மாறாமல் இருக்கலாம் என்பது அவளுடைய கடைசிக் கேள்வி. ஐந்தாவது முடிக்கிறவரை என்று எழுதித் தருகிறேன் என்றேன். அதை அவள் அப்பாவிடம் உடனே சொல்லவில்லை. முதலில் தங்கையிடம் சொன்னாள்.

ஒப்பந்தத்தை வெள்ளிக்கிழமை எழுதுகிறோம். ஞாயிறு கூட்டத்துக்கு நான் வருவேன், இந்தத் தடவை முன்வரிசையில். தீர்மானத்தில் என் கையெழுத்து இருக்காது.

இப்படிக்கு,
மூன்றாவது குறுக்குத் தெரு, வேப்பமரத்து வீட்டுக்காரன்